வாத்தியாருக்குப் படியளந்தது யார்? விக்டோரியா காலச் சென்னையில் தனியார் கல்வி

1826 மார்ச் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எழுதிய கல்விக் குறிப்பில் ஓர் எண் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே பாடம் கேட்கும் பிள்ளைகள் 26,903 பேர் என்று கணக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களைவிட இது ஐந்து மடங்குக்கும் அதிகம். மன்றோவுக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை. எங்கோ பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்று கருதினார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் ஏராளம் என்பதை அவர் மறுக்கவில்லை. மாகாணம் முழுமைக்கும் அவர் கையில் இருந்த கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம்.

எண்ணை விட்டுவிடலாம். அது காட்டும் நிலைமை முக்கியம். விக்டோரியா பட்டமேறுவதற்குப் பத்தாண்டு முன்புவரை சென்னையில் கல்வி என்பது ஒரு குடும்பத்துக்கும் ஒரு வாத்தியாருக்கும் இடையிலான ஏற்பாடு. சர்க்கார் அதில் தலையிடவில்லை. 1901இல் அவர் மறைந்தபோது ஏற்பாடு தலைகீழாகியிருந்தது. பள்ளிகளில் பெரும்பாலானவை அப்போதும் தனியார் கையில்தான் இருந்தன. ஆனால் என்ன கற்பிப்பது, யாருக்கு, எத்தனை வகுப்பு என்பதை வெளியே இருந்து வேறொருவர் முடிவு செய்தார். இந்த மாற்றத்தைப் பாடப்புத்தகங்களில் தேடுவதைவிட வாத்தியாரின் வருமானத்தில் தேடினால் வழி சீக்கிரம் புலப்படும்.

திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரின் வருமானம் பல வாய்க்கால்களில் வந்தது. மாதக் காசு கொஞ்சம்; அமாவாசை, பௌர்ணமி விடுமுறையை ஒட்டி அரிசி; விசேஷங்களில் துணி, காய்கறி. நவராத்திரியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாட்டும் கோலாட்டமுமாகப் போய் வசூலிப்பதும் உண்டு. எல்லாம் சேர்த்தும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று மன்றோ குறித்திருக்கிறார். இந்தச் சம்பளத்துக்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய், ஜில்லா பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் என்று அவர் போட்ட திட்டம் அடுத்த பத்தாண்டில் காற்றில் போனது.

படிப்பு மணலில் தொடங்கி ஓலைக்கு ஏறியது. நெடுங்கணக்கு, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு. கூடவே எண்சுவடியும், பின்னங்களுக்கான கீழ்வாயிலக்கமும், நிலக்கணக்குக்கான குழிமாற்றும், நெல் அளவைக்கான நெல்லிலக்கமும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஒழுங்குக்குக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் பிரம்பும். பல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, அதன்பின் வருகிறவர்களுக்கு ஏறுமுகம்தான். எழும்பூர் ராணுவ ஆண்கள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையையும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் எடுத்துக்கொண்டு 1797இல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. சட்டாம்பிள்ளைக்கு இதனால் காலணா கூடக் கிடைக்கவில்லை.

1870களின் தொடக்கத்தில் சென்னைத் திண்ணைப் பள்ளிகளை விவரித்து எழுதிய சார்லஸ் கோவர் உள்பட, ஆங்கிலேயப் பார்வையாளர்கள் அடிக்கடி சொன்ன குறை ஒன்றுதான்: பொருள் தெரியாமல் மனப்பாடம். செய்யுளைப் பொறுத்தவரை இது நியாயமான குறையே. கணக்கு விஷயத்தில் அப்படிச் சொல்வதற்கில்லை. பின்ன வாய்பாட்டைத் தலைகீழாய் ஒப்பிக்கும் பையன் கொத்தவால்சாவடிக் கடையிலோ கர்ணம் வீட்டுக் கணக்கிலோ மறுநாளே உட்காரத் தகுந்தவன். காசு கொடுத்த குடும்பம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

விக்டோரியா பட்டமேறிய 1837ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் ஆண்டர்சன் அர்மேனியன் தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். ஆங்கிலம் வேண்டும், விவிலியம் வேண்டாம் என்று நினைத்த குடும்பங்களும் வேறு வழியின்றி அங்கே பிள்ளைகளை அனுப்பின. 1839 நவம்பரில் ஆங்கிலக் கல்விக்கூடம் கேட்டு 70,000 பேர் கையொப்பமிட்ட மனு கவர்னர் எல்பின்ஸ்டனிடம் போயிற்று. கொண்டுபோனவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். அதன் விளைவாக வந்த அரசு உயர்பள்ளிக்கு 1841 முதல் ஈ. பி. பவல் தலைமை. அதே 1841இல் ஆண்டர்சனின் மாணவர்கள் ராஜகோபால், வெங்கடராமையா இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பட்டணம் கொதித்தது, பள்ளி ஏறக்குறையக் காலியாயிற்று.

அடுத்த ஜனவரியில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டபோது அதற்கு ஆள் சேர்க்கத் தமுக்கு அடிக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பணத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. துபாஷி பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் கோயில் கட்டளைகளுக்கென எழுதிவைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கில் கிடந்து வட்டி ஏறிப் பெருத்தது. கட்டளைகள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பியதில் நார்ட்டனின் பங்கு பெரிது. சிவபூஜைக்கென்று வைத்த காசின் உபரி, ஏதென்ஸ் நகரத் தீசியஸ் கோயிலைப் பார்த்து 1850இல் கட்டிய மண்டபத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தப் பயன்பட்டது. சென்னைக்கே உரிய விசித்திரம் இது. வாத்தியாருக்குப் படியளப்பது முதன்முறையாகப் பெற்றோரும் அல்ல, திருச்சபையும் அல்ல, ஓர் அறக்கட்டளை.

ஆங்கிலத்தின் மேல் இத்தனை மோகம் ஏன் என்பதற்கு 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் விடுத்த தீர்மானம் விடை சொல்லும்: சர்க்கார் உத்தியோகத்தில் ஆங்கிலம் படித்தவர்க்கு முன்னுரிமை. அந்த ஏணியின் முதற்படி பல நேரங்களில் டியூஷன்தான். பவலின் மாணவரான டி. மாதவராவ் 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார்; 1858இல் அதே சமஸ்தானத்தின் திவான். இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர், சிறுவயதில் மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கர் உதவியாளாக இருந்தவர். திருவாரூர் தாசில்தார் ஒருவரின் தயவால்தான் நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தார். புரவலர் கிடைக்காத பையன்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

செல்வர் வீட்டு டியூஷனுக்கு வேறு இலக்கணம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அதில் செல்லப்பிள்ளையை அடிக்க உபாத்தியாயருக்கு உரிமை இல்லை. அவன் செய்யும் தப்புக்கு உடன் படிக்கும் ஏழைப் பையன் அடி வாங்குகிறான். கதைதான். ஆனால் அதை எழுதியவர் முன்சீப். பெரிய வீடுகளின் உள்விவகாரம் அவருக்குப் புதிதல்ல. சம்பளம் கொடுப்பவரின் முன்னால் வாத்தியாரின் பிரம்புக்கு எவ்வளவு நீளம் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கல்வி அறிக்கையும் சொல்லவில்லை.

1854 வுட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறையைக் கொண்டுவந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம். அவ்வாண்டு செப்டம்பரில் முதல் மெட்ரிகுலேஷன். எழுதியவர் 41 பேர், தேறியவர் 36 பேர். முதல் பி.ஏ. பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் செமினரியில் தேறியவர்கள். பட்டணத்துப் பள்ளிகளுக்கு இது கொஞ்சம் கூச்சம் தந்திருக்க வேண்டும்.

பரீட்சை வந்ததும் வகுப்பறைக்கு வெளியே படிப்பதற்கும் ஒரு மதிப்பு வந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1875 முதல் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியிலும் பின்பு பச்சையப்பனிலும் பாடம் நடத்திக்கொண்டே 1877இல் தனித்தேர்வராக பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டு பச்சையப்பன் ஆசிரியர் வீரராகவாச்சாரியாருடனும் சட்ட மாணவர் நால்வருடனும் சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கியவர் இவர். 1879இல் திருவல்லிக்கேணி ஆங்கிலோ-வெர்னாகுலர் பள்ளியின் தலைமை ஆசிரியர். பிறகு சொந்தமாக ஆரியன் உயர்நிலைப் பள்ளி. மிஷனும் சர்க்காரும் அல்லாத மூன்றாவது வகைப் பள்ளி இப்படித்தான் முளைத்தது. பட்டம் பெற்ற ஓர் ஆசிரியர், பிள்ளைகள் கட்டும் ஃபீஸ், கொஞ்சம் மானியம்: இவ்வளவே முதலீடு. 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன், உயர்கல்விக் கூடங்களைச் சர்க்கார் மெல்ல மெல்லத் தனியாரிடம் விட வேண்டும் என்று சொன்னது இந்த வகைக்குக் கிடைத்த பச்சைக்கொடி.

திண்ணைக்கும் பரீட்சை வந்தது. 1860களின் பிற்பாதியிலிருந்து 'ரிசல்ட் கிராண்ட்' என்ற முறை: இன்ஸ்பெக்டர் வருவார், வகுப்புவாரியாகப் பரிசோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். பணம் வேண்டுமென்றால் வருகைப் பதிவேடு வைக்க வேண்டும், அச்சிட்ட பாடப்புத்தகம் வைக்க வேண்டும், சர்க்கார் சொன்ன கணக்கைச் சொல்லித்தர வேண்டும். நிகண்டும் குழிமாற்றும் எந்த அரசாணையாலும் தடை செய்யப்படவில்லை. தேறினாலும் காசு கிடைக்காத பாடங்கள் ஆயின, அவ்வளவுதான். மனப்பாடத்தைக் குறை சொன்ன நிர்வாகமே, இன்ஸ்பெக்டர் கேட்கப்போகும் கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்விக்கும்படி வாத்தியாரைத் தூண்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் வீட்டுப்பாடம் தேயவில்லை, வளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். அதோடு பள்ளி நின்றுவிடும். 1863இல் கணவரோடு சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்த அன்னா சத்தியநாதன் பெண்பள்ளிகள் நடத்தியதோடு, வீடுகளுக்கே போய்ப் பாடம் சொன்னார். தேசிய இந்திய சங்கத்தின் சென்னைக் கிளையும் இப்படி வீட்டுக் கல்வியை ஏற்பாடு செய்தது. படிப்போடு விவிலியமும் வருமோ என்ற அச்சம் வாசலிலேயே நின்றது. சில வீடுகள் திறந்தன, சில மூடிக்கொண்டன.

இத்தனை ஏற்பாட்டிலும் சேரிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. திண்ணை என்பது தெருவில் உள்ள வீட்டின் பகுதி. தெருவுக்குள் வரக்கூடாதவன் திண்ணையில் எப்படி உட்காருவான்? ஆண்டர்சன் பள்ளி தொடங்கிய மறு ஆண்டே அத்தகைய சிறுவர்களைச் சேர்த்தபோது மேல்சாதிக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. மிஷன் பள்ளிகளுக்கு வெளியே இவர்களுக்கென்று ஒரு தனியார் இலவசப் பள்ளி அடையாற்றில் தோன்ற 1894 ஆயிற்று. தொடங்கியவர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட். சில ஆண்டுகளில் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் கிளைப் பள்ளிகள் வந்தன. அங்கே வாத்தியார் சம்பளம் நன்கொடையிலிருந்து வந்தது. பிள்ளைகளிடம் ஃபீஸ் கேட்கவில்லை.