கூட்டுகிற கைகள்

கணக்குப் போடுவது அறிவின் அடையாளம் என்று ஐரோப்பா ஒரு காலத்தில் நம்பியது. 1790களில் பிரான்சில் புரோனி என்கிற பொறியாளர், மடக்கை அட்டவணைகள் தயாரிக்கும் வேலையை மூணு தட்டாகப் பிரித்தார். மேலே சில கணித மேதைகள். நடுவில் ஏழெட்டுப் பேர். அடியில் 60 முதல் 80 பேர். கூட்டல், கழித்தல் மட்டுமே அவர்கள் வேலை. அதிகம் படித்தவர்களைவிட இவர்கள் கணக்கில்தான் பிழை குறைவு என்று இங்கிலாந்தின் பாபேஜ் 1832இல் எழுதினார். ஆனால் அந்த வேலையை எந்திரமே செய்துவிடலாம் என்பது அவர் முடிவு. பிசகாமல் செய்தவனுக்குக் கிடைத்த பட்டம் இது. எந்திரம் வருமுன்பே மனுசனை எந்திரமாக்கியாச்சு. கீழே இறங்கின வேலை, அறிவு என்கிற பேரை இழந்தது.

நமக்கு இது புதுசா? சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டினார். கணக்கைக் கூட்டுவதும் தெருவைக் கூட்டுவதும் நம்ம மொழியில் ஒரே சொல். எது அறிவுன்னு தீர்மானிக்கிறது யாரு? கூட்டுகிறவங்க கேட்கணும்.