நாட்டு அணியும் நாட்டுப்புறத் திடலும்



நம் நாட்டுக் கூடைப்பந்தாட்ட அணி அயல்நாடு சென்று தோற்றுத் திரும்பும்போதெல்லாம் மக்கள் ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். பயிற்சி முகாம் எத்தனை நாள் நடந்தது என்பதே அக்கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும், வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் என்ற முறையில், அதற்கு முந்திய கேள்வி ஒன்று எனக்குத் தோன்றுகிறது. முகாமுக்கு வந்து சேர்ந்த அந்த இளைஞன் தன் பத்தாவது வயதில் எந்தத் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்? இவ்வாட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், முதற் கேள்விக்குரிய விடையில் பெரும்பகுதி இரண்டாம் கேள்விக்குள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியரின் கையில் பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் அதனை வகுத்தார். வெளியே பனி, உள்ளே அடைபட்ட மாணவர் பதினெண்மர். பழம் பறிக்கும் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டி, ஒரு பக்கத்திற்கு ஒன்பதின்மராக ஆடச் செய்தார். கூடை போய் இரும்பு வளையம் வந்துவிட்டது, ஒன்பதின்மர் ஐவராயினர். வளையத்தின் உயரம் மட்டும் அன்றுபோல் இன்றும் அதே பத்தடிதான்.

அந்தச் சங்கத்தின் வழியாகவே இவ்வாட்டம் உலகெங்கும் பரவியது. நம் தென்னாட்டிற்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919இல் சென்னைக்கு வந்து, 1920இல் அச்சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவைப் பொறுப்பேற்று நடத்திச் சென்றவரும் அவரே. ஒரு நாட்டுக் குழுவை வெளிநாட்டுப் போட்டிக்கு ஆயத்தம் செய்தவரே உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பணியையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என அவர் கருதவில்லை. பின்னாளில் நாம்தாம் அவற்றைப் பிரித்துவிட்டோம்.

1934இல் புதுதில்லியில் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. 1950இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. ஒலிம்பிக் பந்தயத்தில் இவ்வாட்டம் இடம்பெற்றதோ 1936இல், பெர்லின் நகரில். அங்கு நடந்த இறுதி ஆட்டத்தை நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் நம்ப மறுப்பார்கள். திறந்த வெளியில், களிமண்ணும் மணலும் கலந்த டென்னிஸ் திடலில், கொட்டும் மழையில் அவ்வாட்டம் நடந்தது. சேற்றில் பந்து துள்ளவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தை உருவாக்கிய நெய்ஸ்மித் பெருமகனாரும் அந்தப் பந்தயங்களைக் காண வந்திருந்தார்.

ஆகவே, 1936இல் உலகத்தின் தலைசிறந்த அணிகளுக்கும் பாகூர் ஏரிக்கரையோரத்துப் பள்ளிக்கும் தரையளவில் வேற்றுமை இல்லை. அதன்பின் உலகம் மரத்தரைக்கும் கூரைக்கும் போய்விட்டது. ஆட்டத்தின் வேகமும் ஏறியது. பந்தைப் பெற்ற அணி 30 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1956இல் வந்தது. 2000இல் அது 24 விநாடியாகச் சுருங்கியது. தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி, பன்னாட்டு ஆட்டங்களில் 1984இல் புகுந்தது. 6.25 மீட்டராக இருந்த அக்கோடு 2010இல் 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்டது. ஒவ்வொரு மாறுதலும் ஆடுவோரின் கையையும் கண்ணையும் புதிதாகப் பழக்கக் கோரியது.

தரைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று நேயர்கள் வினவலாம். மண்தரையில் பந்து எப்பக்கம் எழும்பும் என்று சொல்ல இயலாது. ஒரு சிறு கல், ஒரு குளம்படிப் பள்ளம் போதும், பந்து திசைமாறிவிடும். எனவே மண்தரையில் பழகிய பிள்ளையின் கண் பந்தின் மீதே இருக்கும். மரத்தரையில் பந்து தட்டிய இடத்திலிருந்து தவறாமல் கைக்கு வரும். அங்கே பழகியவனின் கண் நிமிர்ந்து, தோழன் எங்கே, எதிரி எங்கே, வளையம் எங்கே என்று தேடும். 24 விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டிய ஆட்டத்தில், தலை குனிந்தவனுக்கும் நிமிர்ந்தவனுக்கும் உள்ள தொலைவு பெரிது. இருபது வயதுக்குமேல் ஒரு மாத முகாமில் அத்தொலைவைக் கடப்பது எளிதன்று.

இனி நம் அணியின் கணக்கேட்டைப் பார்ப்போம். ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் இந்திய ஆடவர் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1965இல், கோலாலம்பூரில். பத்தாண்டுகள் கழித்து, 1975இல், பாங்காக்கில் சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக நான்காம் இடம் பெற்றனர். அதற்கு மேலான இடத்தை இந்திய ஆடவர் இதுவரை எட்டியதில்லை. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. ஆசிய வாகையரான சீனமும் செல்லாமையால், போட்டிக்குச் சில மாதங்களே இருக்கையில் இந்தியாவுக்கு வழி திறந்தது. முதல் ஆட்டத்தில் சோவியத் அணி 121, இந்தியா 65. ஏழு ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாகத் திரும்பினோம். அஜ்மேர் சிங், ஹனுமான் சிங் போன்ற வல்லவர்கள் அவ்வணியில் இருந்தும் இதுவே முடிவு. வாய்ப்பு ஒருநாளில் வந்துவிடும். ஆயத்தம் அப்படி வருவதில்லை.

ஆனால் வெளிச்சமான பக்கங்களும் அந்த ஏட்டில் உண்டு. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், சீனத்தின் வூஹான் நகரில், சீன அணியை இந்தியா 65-58 என்ற கணக்கில் வென்றது. சீனத்திற்கு எதிராக நம் ஆடவர் பெற்ற முதல் வெற்றி அதுவே. 2016இல் டெஹரானில் மீண்டும் வென்றனர். 2017இல் பெங்களூரில் நம் மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் கஜகஸ்தானை இரண்டே புள்ளிகளில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தனர். பின்னர்? 2017இல் பெய்ரூட், 2022இல் ஜகார்த்தா, 2025இல் ஜெத்தா என ஆடவர் மூன்று ஆசியக் கோப்பைகளில் ஆடினர், மும்மூன்று ஆட்டங்கள், ஒன்பதிலும் தோல்வி. ஜெத்தாவில் ஜோர்தானோடு கூடுதல் நேரம்வரை போராடித் தோற்றதும் அவற்றுள் ஒன்று.

இந்த ஏற்றத்தாழ்வுகளிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? முகாம் என்பது எப்படி நடக்கிறதென்று முதலில் பார்ப்போம். தேசியப் போட்டிகளில் சிறந்து விளங்கியோரை அழைத்து, வடிகட்டி, இறுதியில் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். உடல்வலுப் பயிற்சி, குழுவாக நகரும் பயிற்சி, எதிரணியின் ஆட்டத்தைப் படமாகப் பார்த்து ஆராய்தல் ஆகியவை நடைபெறுகின்றன. 2017ஆம் ஆண்டின் இறுதி முதல் தகுதி ஆட்டங்கள் ஆண்டில் சில குறுகிய காலப் பகுதிகளில், சொந்த ஊரிலும் எதிரியின் ஊரிலுமாக நடைபெறுகின்றன. அதனால் முகாமுக்குக் கிடைக்கும் நாட்கள் மேலும் துண்டுபட்டன. நெல்லைக் குத்தி அரிசியாக்க முகாமால் முடியும்; விதைக்காத நெல்லை அதனால் குத்த முடியாது.

வூஹான் வெற்றியையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட் ஃபிளெமிங் என்னும் அமெரிக்கப் பயிற்றுநர் 2012இல் பொறுப்பேற்று 2015 வரை அதே அணியுடன் இருந்தார். அவ்வணியில் உயரத்தாலும் திறத்தாலும் தூணாக நின்ற அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரும் பஞ்சாபின் லூதியானாக் கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர்கள். அங்கே சங்கரன் சுப்பிரமணியம் என்ற பயிற்றுநர் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்றினார். பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் மகன் சத்னம் சிங் அக்கழகத்தில் பயின்று, 2010இல் அமெரிக்கா சென்று, 2015இல் அந்நாட்டுத் தொழில்முறைச் சங்கத்தின் அணியொன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து அவ்வாறு தேர்வு பெற்ற முதல்வர் அவரே.

லூதியானாவுக்கு முன்னரே இதற்குச் சான்றுகள் உண்டு. மும்பையில் நாக்பாடா என்னும் நெருக்கடியான குடியிருப்பில் மாலைதோறும் பிள்ளைகள் கூடும் சிறு திடல் ஒன்று, 1970இல் அர்ஜுனா விருது பெற்ற குலாம் அப்பாஸ் முன்தசீரை நமக்குத் தந்தது. சென்னையின் அனிதா பால்துரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்திய மகளிர் அணியில் ஆடி, ஒன்பது ஆசியப் போட்டிகளைக் கண்டு, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் போன்றோருக்கு ரயில்வே முதலிய நிறுவனங்கள் வேலையும் தந்தன. ஆண்டு முழுவதும் ஆடத் திடலும் தந்தன. அந்த நிழல் இல்லாதிருந்தால் திறமை எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

இனி நம் கொம்யூன்களுக்கு வருவோம். புதுச்சேரிக்கு ஒரு நன்மை உண்டு; அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பிரதேசம் தேசியப் போட்டிகளுக்குத் தன் சொந்த அணியையே அனுப்புகிறது. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துப் பிள்ளை மாநில அணியில் இடம்பெற எத்தனையோ மாவட்டங்களைத் தாண்ட வேண்டும். வில்லியனூர்ப் பிள்ளை தாண்ட வேண்டியது அவ்வளவு இல்லை. தேர்வாளரின் கண் படும் இடத்திற்கு நம் பிள்ளைக்கு வழி குறுகியது. ஆனால் அந்தக் குறுகிய வழியின் தொடக்கத்தில் தரை இல்லை.

பாகூர்ப் பகுதியில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இரண்டு கம்பங்களை நட்டு, பட்டறையில் வளையம் அடித்து மாட்டினார். கழனி வேலை செய்வோரின் மகள் ஒருத்தி, எட்டாம் வகுப்பிலேயே எங்கள் ஆசிரியர்களின் தோளுக்கு மேல் வளர்ந்தவள், அதில் எறியக் கற்றாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் திடல் வயலாகிவிடும். இரண்டு மாதம் பந்து பெட்டிக்குள் உறங்கும். அப்படியிருந்தும் அவள் பிரதேசப் பள்ளி அணியில் இடம்பெற்று வெளியூர் சென்றாள். அங்கேதான் முதன்முதலாக மரத்தரையை மிதித்தாள். திரும்பி வந்து அவள் சொன்னது இன்றும் என் நினைவில் உள்ளது: "ஐயா, அங்கே பந்து நாம நினைச்ச இடத்துக்கே வருது. அவங்க யாருமே பந்தைப் பார்க்கிறதில்லை." பயிற்றுநர் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்பு முடிந்தது. அடுத்த பள்ளியில் கம்பமும் இல்லை, கற்பிக்கும் ஆளும் இல்லை. அவள் ஆட்டமும் அத்துடன் முடிந்தது. எந்த முகாமின் பட்டியலிலும் அவள் பெயர் விடுபட்டதாகப் பதிவு இராது. ஏனெனில் பட்டியல் எழுதும் இடம்வரை அவள் போய்ச் சேரவில்லை.

இதற்குச் செலவு மிகப் பெரிதோ? ஆட்டத் திடலின் அளவு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் கணக்கில் பத்தரை சென்ட்டுக்குள் அடங்கும். சுற்றிலும் இடம் விட்டால் பதினாறு சென்ட் நிலம் போதும். மரத்தரை போட இயலாவிட்டாலும், சமமான சிமெண்டுத் தளமும் மழை தாங்கும் கூரையும் இருந்தால் பந்து நேராகத் துள்ளும். பிள்ளையின் தலை நிமிரும். அதனினும் அரியது ஒன்று உண்டு: ஓரிடத்தில் பத்தாண்டு நிலைத்திருந்து கற்பிக்கும் ஆசிரியர்.

இவ்வாறு நிலைத்த ஏற்பாடு செய்வது நமக்குப் புதிதன்று. பாகூரில் 1879இல் கிடைத்த செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கல்வி ஒரு பருவத்து வேலை என்று அக்காலத்தார் எண்ணியிருந்தால், ஒரு மூட்டை நெல்லைக் கொடுத்து முடித்திருப்பார்கள். ஊர்களையே எழுதிவைத்தார்கள், ஆண்டுதோறும் விளையும் விளைச்சல் ஆண்டுதோறும் கற்போருக்குச் சேர வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

நாட்டு அணியை ஆயத்தம் செய்வதும் அத்தகைய பணியே. பாட்டியாலாவில் 1961இல் தேசிய விளையாட்டு நிறுவனம் அமைத்தோம், முகாம்கள் நடத்துகிறோம், அயல்நாட்டுப் பயிற்றுநரை வரவழைக்கிறோம். அவை யாவும் தேவைதான். ஆனால் கொம்யூன் ஒன்றுக்கு ஒரு கூரையிட்ட திடலும், பத்தாண்டு மாறாத ஓர் ஆசிரியரும், மேனிலைப் பள்ளிவரை ஆட்டம் அறுபடாத ஏற்பாடும் அமைந்தால், ஏறத்தாழ பத்தாண்டு கழித்துத் தேர்வாளர்கள் வில்லியனூரையும் பாகூரையும் நிலப்படத்தில் தேடுவார்கள். இன்று நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளே அன்றைய அணிக்குரிய வயதினர். அவர்களுக்கான முகாம் இன்றே, நம் ஊர்ப் பள்ளித் திடலில், தொடங்கியாக வேண்டும்.