எச்.ஐ.வி. உறங்குநிலை: வைரஸ் தென்படாதபோதும் மருந்தைத் தொடர வேண்டியது ஏன்?

ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தைத் தவறாது உட்கொள்வோரில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பரிசோதனை அறிக்கை ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்று வருகிறது. சிகிச்சை நன்கு பயனளிக்கிறது என்பதற்கு இது சான்றாகும். ஆயினும், நோய் நீங்கிவிட்டது, இனி மாத்திரை தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. அதற்கான காரணத்தை இப்பக்கம் விளக்குகிறது.

உறங்குநிலை என்றால் என்ன?

எச்.ஐ.வி., நோய் எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையான சி.டி.4 வெள்ளையணுக்களுக்குள் நுழைந்து, தன் மரபுச் செய்தியை அந்த அணுவின் டி.என்.ஏ.வுடன் இணைத்துவிடுகிறது. தொற்றிய அணுக்களில் பெரும்பாலானவை புதிய வைரஸ்களை உருவாக்கிச் சில நாட்களில் அழிகின்றன. மிகச் சில அணுக்கள் மட்டும் ஓய்வுநிலைக்குச் சென்று, பல ஆண்டுகள் உயிர்வாழ்கின்றன. அவற்றினுள் வைரஸும் பெருகாமல் தங்கியிருக்கிறது. இதுவே உறங்குநிலை எனப்படுகிறது.

இத்தகைய அணுவை நோய் எதிர்ப்பு மண்டலத்தால் அடையாளம் காண இயலாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மருந்துகள் வைரஸ் புதிய அணுக்களைத் தொற்றுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே இணைந்துவிட்ட வைரஸை அவை அகற்றுவதில்லை. வைரஸ் அளவுப் பரிசோதனை (வைரல் லோடு) இரத்தத்தில் வெளிப்பட்டுள்ள வைரஸை மட்டுமே அளக்கிறது. அணுக்களுக்குள் உறங்குவது அதில் தென்படாது.

ஆய்வுகள் கூறுவது

சிகிச்சையால் வைரஸ் கட்டுப்பட்டவர்களின் உடலிலும் இவ்வணுக்கள் எஞ்சியிருப்பதை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழு உள்ளிட்ட மூன்று ஆய்வுக்குழுக்கள் 1997-இல் காட்டின. ஓய்விலுள்ள சி.டி.4 அணுக்களில் ஏறத்தாழ 10 இலட்சத்துக்கு ஒன்றில் மட்டுமே, மீண்டும் பெருகக்கூடிய வைரஸ் காணப்பட்டது. இவ்வணுக்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. மருந்தால் மட்டும் அவை முற்றிலும் நீங்க 60 ஆண்டுகளுக்கும் மேலாகும் எனக் கணக்கிடப்பட்டது.

மருந்தை நிறுத்தினால் என்ன நேரும்?

உறங்கும் அணுக்களில் சில அவ்வப்போது விழித்து வைரஸை வெளியிடுகின்றன. மருந்து இருக்கும்வரை அது பரவுவதில்லை. மருந்தை நிறுத்தியோரில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகுகிறது. 2006-இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியோருக்குச் சந்தர்ப்பவாத நோய்களோ மரணமோ நேரும் வாய்ப்பு, தொடர்ந்து உட்கொண்டோரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

முழுமையாகக் குணமடைந்தவர் உண்டா?

மிகச் சிலர் உள்ளனர். முதலாமவரான டிமோதி ரே பிரவுனுக்கு, இரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் பெர்லினில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யப்பட்டது. எச்.ஐ.வி. எளிதில் நுழைய இயலாத அணுக்களைக் கொண்ட ஒருவர் அவருக்குக் கொடையாளராக அமைந்தார். உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய இச்சிகிச்சை, புற்றுநோய் போன்ற வேறு காரணமின்றி எவருக்கும் செய்யப்படுவதில்லை. ‘எச்.ஐ.வி.யை முற்றிலும் ஒழிக்கும் மருந்து’ என விற்கப்படும் எதையும் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பிறருக்குப் பரவுமா?

வைரஸ் கண்டறிய இயலாத அளவில் தொடர்ந்து நீடித்தால், உடலுறவின் வழியே துணைவருக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. இவ்வுறுதி ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலூட்டலுக்கும் பொருந்தாது. பிற பால்வினை நோய்களிலிருந்து காக்க ஆணுறை அவசியம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்துதல் போன்ற நிகழ்வு நேர்ந்தால், உடனடியாக அரசு மருத்துவமனையை அணுகுங்கள். வைரஸ் உடலில் நிலைகொள்ளும் முன் தடுக்க வேண்டியிருப்பதால், தடுப்பு மருந்தை இயன்றவரை விரைவாகவும், 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ளுங்கள். மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.
• வெளியூர் செல்லும்முன் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிவித்து, போதிய மாத்திரைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள்.
• மருத்துவர் குறித்த நாளில் வைரஸ் அளவுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
• பக்கவிளைவுகள் தோன்றினால், மருந்தை நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.
• பராமரிப்பாளர்கள், நோயாளி நலமாகத் தோன்றினாலும், மாத்திரையைத் தொடர்வதற்குக் கனிவுடன் துணைநிற்க வேண்டும்.

அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.