பெரிய எழுத்துப் புத்தகங்களும் மரச்செதுக்குத் தொன்மவீரரும்

ஜெர்மானிய நகரமான அவுக்ஸ்பூர்க்கைச் சேர்ந்த ஓவியர் ஹான்ஸ் பூர்க்மயர், 1519ஆம் ஆண்டளவில் ஆறு மரச்செதுக்கு அச்சுப்படங்களை வெளியிட்டார். படத்துக்கு மூவராகப் பதினெண்மர் அவற்றில் நிற்கின்றனர். ஆடவர் ஒன்பதின்மர், பெண்டிர் ஒன்பதின்மர். ஹெக்டர், அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர் ஆகியோருக்கு அவர்கள் காலத்தில் இல்லாத ஐரோப்பியக் குலச்சின்னங்கள் கற்பிக்கப்பட்டுள்ளன. இதனை வரலாற்று அறியாமை என ஒதுக்குவது பொருந்தாது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் வம்சாவளிக்கும் பூர்க்மயரே படம் வரைந்தார். அவ்வம்சாவளி திராய் நகரத்து ஹெக்டரிலிருந்து தொடங்குகிறது. தொன்மவீரன் அங்கே அரசகுலத்தின் மூதாதை.

தமிழில் தொன்மவீரரை மரச்செதுக்குப் படங்களோடு மக்களிடம் கொண்டுசென்றவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும், விளக்கொளியில் உரக்கப் படித்துக் காட்டுவோருக்கும் ஏற்ற பருத்த எழுத்தில், மலிவான தாளில் அவை அச்சாயின. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் நிறுவனம் இவற்றைத் தொடர்ந்து வெளியிட்டது. இவற்றைப் பேணியது அரசவையன்று, காசு கொடுத்து வாங்கிய வாசகர் கூட்டமே. தமிழ் அச்சு வரலாறு இதற்கு உரிய இடம் தந்ததாகச் சொல்ல இயலாது.

அவற்றுள் அல்லி அரசாணி மாலை தனித்து நோக்கத்தக்கது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கினும், நளவெண்பா பாடியவரின் நூலாக ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் பாண்டியன் மகளாக வரும் சித்திராங்கதையின் இடத்தில், இங்கே மதுரையைத் தானே ஆளும் அல்லி நிற்கிறாள். பெண்படை சூழ ஆண்களை வெறுத்து வாழ்பவளை அர்ச்சுனன் நேர்நின்று வெல்லவில்லை. கண்ணனின் துணையோடு பாம்புருவில் புகுந்து, உறங்கும்போது தாலி கட்டுகிறான். மாலை அவள் பெயரால்தான் வழங்குகிறது. பூர்க்மயரின் பெண்டிருள் லுக்ரீசியாவும் விர்ஜினியாவும் கற்புக்காக நேர்ந்த சாவினால் போற்றப்பட்டவர்கள். அல்லியின் பெருமை ஆட்சியில் உள்ளது. அர்ச்சுனனை மதுரைக்கு வரவழைத்த இக்கதை எவ்வரசனுக்கும் வம்சாவளி தேடவில்லை என்பதும் கருதத்தக்கது.

தென்சென்னைத் தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. குறைவிலை வெகுசன வெளியீடுகளையும் அவர் ஒதுக்காமல் சேர்த்ததால், இத்தகைய நூல்களைப் பதிப்புவாரியாக ஒப்பிட வழி ஏற்பட்டுள்ளது. பாடவேறுபாடுகளோடு படங்களும் ஒப்பிடப்பட வேண்டும். பூர்க்மயருக்குக் கட்டை செதுக்கிய யோஸ்ட் த நெக்கரின் பெயர் கலைவரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அல்லிக்கும் அர்ச்சுனனுக்கும் உருவம் தந்த தமிழ்ச் செதுக்குநரின் பெயர்களோ பெரும்பாலும் அவர்கள் படங்களோடு அச்சேறவில்லை.