ஸ்டான்லி: கல்லும் காடும் சேர்ந்த பெயர்

மேட்டூர் அணையில் தேங்கும் நீருக்கு அரசு ஏடுகளில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். வடசென்னையில் அதே பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மக்களுக்கு அது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. இரண்டும் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியவை. அணை முடிந்தது அவர் பதவி முடிந்த அதே 1934இல்தான். ஆளுநர் கிடக்கட்டும், அவருடைய குடும்பப்பெயருக்கு அவரைவிடச் சுவையான வரலாறு உண்டு.

அதில் பழைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு ஒட்டியிருக்கின்றன. முதலாவது ‘ஸ்டான்’, அதாவது கல். இந்தச் சொல் தனியே வழங்கியபோது அதன் நெடில் ஒலி மாறிமாறி இன்றைய ‘ஸ்டோன்’ ஆகிவிட்டது. இன்னொரு சொல்லோடு சேர்ந்த இடத்தில் நெடில் குறுகி, அகரச் சாயலிலேயே தங்கிவிட்டது. ஸ்டான்லி, ஸ்டான்டன், ஸ்டான்ஃபோர்ட் எல்லாவற்றிலும் இருப்பது இந்தப் பழைய கல்தான்.

இரண்டாவது சொல்தான் ஆராயத் தக்கது. ‘லேயஹ்’ என்பது அதன் பழைய வடிவம். இன்று ‘லி’ என்று தேய்ந்து, பிராட்லி, ஆஷ்லி, வெஸ்லி என நூற்றுக்கணக்கான பெயர்களின் வாலாக நிற்கிறது. வெம்ப்ளியில் கால்பந்தும் ஹெடிங்லியில் கிரிக்கெட்டும் பார்ப்பவர்கள் இந்தச் சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள் இதற்குப் ‘புல்வெளி’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அது பிற்காலப் பொருள். முதலில் இது காட்டைக் குறித்தது. பிறகு காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய திறந்த இடத்தைக் குறித்தது. கடைசியில்தான் மேய்ச்சல் நிலம், புல்தரை என்றெல்லாம் ஆயிற்று. காடு குறையக் குறையப் பொருளும் மரத்தை விட்டுப் புல்லுக்கு இறங்கி வந்திருக்கிறது.

ஊர்ப்பெயர் ஆய்வாளர் மார்கரெட் கெல்லிங் 1984இல் வெளியிட்ட நூலில் இதை நிலப்படத்தோடு பொருத்திக் காட்டினார். ‘லி’ ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதிகள் பழங்காட்டுப் பகுதிகள். வார்விக்ஷைரின் வடபாதியான ஆர்டன் காட்டு நாடு. அங்கே இப்பெயர்கள் மலிந்திருக்கின்றன. தென்பாதி உழவு நிலம், அங்கே அரிது.

இச்சொல்லின் உறவினரைத் தேடிப் போனால் லத்தீனில் ‘லூகுஸ்’ என்ற தோப்பு கிடைக்கிறது. லித்துவேனிய மொழியில் ‘லௌகஸ்’ என்றால் வயல். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவின் ‘லூ’வும் இதே குடும்பம். வடமொழி ‘லோக’மும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான், வேத மொழியில் அதற்குத் திறந்த வெளி என்ற பொருள் இருந்தது. எல்லாவற்றுக்கும் வேர், ஒளிர்தல் என்னும் பொருளுடைய ஒரு தொல் வினை. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழுந்த இடம் என்பதே ஆதிப்பொருள் என்று கொள்ள இடமுண்டு.

ஆக, ஸ்டான்லி என்றால் கற்கள் கிடக்கும் காட்டு வெளி. டர்ஹம், டெர்பிஷைர், யார்க்ஷைர், ஸ்டஃபோர்ட்ஷைர் என்று பல மாவட்டங்களில் அந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. நம் ஆளுநரின் குடும்பம் ஸ்டஃபோர்ட்ஷைர் ஊரைச் சேர்ந்தது. ஆட்லி என்னும் குடும்பத்தின் ஒரு கிளை ஸ்டான்லி பண்ணையைப் பெற்று, அந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது என்பது வழிவழிச் செய்தி. ஆட்லியிலும் இருப்பது அதே ‘லி’தான்: ஆல்ட்கித் என்ற பெண்ணின் காட்டு வெளி. 1485இல் பாஸ்வொர்த் போர் முடிந்ததும் தாமஸ் ஸ்டான்லிக்கு டெர்பி பிரபுப் பட்டம் கிடைத்தது. அதன்பின் பெயர் காட்டைத் தாண்டி, கடலையும் தாண்டியது. ஆளுநரின் பாட்டனார் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தபோது, ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். இயற்கையாக ஒரு மரம்கூட வளராத தீவுக்குக் காட்டுப் பெயர்! தந்தை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1892இல் கொடுத்ததுதான் பனி ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை. மகன் பெயர் மேட்டூருக்கு வந்தது.

பண்ணையாருக்கு ஊர்ப்பெயர் வாய்த்தது. குடியானவனை ‘அட் லீ’ என்றார்கள், அதாவது காட்டு வெளியில் இருக்கிறவன். யார் வீடு எங்கே என்று வரி எழுதுகிறவனுக்குத் தெரிந்தால் போதும். இந்தியாவுக்கு விடுதலை வழங்கிய பிரதமர் கிளமென்ட் அட்லியின் பெயர் அப்படி வந்தது. மரத்தடியில் குடியிருந்தவனும் இதே வழியில் பெயர் பெற்றான்: ‘அட்டென் ஆஷ்’ என்பதைத் தப்பாகப் பிரித்ததில் ‘ன்’ ஒலி இடம் மாறி ‘நாஷ்’ பிறந்தது.

எல்லா ‘லீ’யும் இந்தக் காட்டில் முளைத்ததில்லை. லீ குவான் யூவின் ‘லீ’ சீனக் குடிப்பெயர். அயர்லாந்து லீக்கள் சிலருக்கு மூலம் கேலிக் மொழி. ஸ்டான்லிகளும் ஒரே கொடிவழி அல்லர். ஊர் பல என்பதால் குடும்பமும் பல. ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்ட ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லிக்கு எந்த ஊரும் கிடையாது. வேல்ஸில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஜான் ரோலண்ட்ஸ். அமெரிக்கா போன பிறகு சூட்டிக்கொண்டதே ஸ்டான்லி. பெயர் ஒன்று என்பதை வைத்து வம்சம் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.