முத்துச் சல்லடையும் எக்ஸ் கதிரும்

ஏரலுக்கு அருகே தாமிரபரணிப் படுகையில் உள்ள கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல் இதைக் கொல்கி என்று குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்து அங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் அது சொல்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது. துறைமுகம் பழையகாயலுக்குப் போனது, பின்னர் தூத்துக்குடிக்கு. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது. அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது.

முத்துக்குளித்துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடலோடும் சிப்பியோடும் நிறுத்திவிடுகிறார்கள். கரைக்கு வந்த முத்தை மதிப்பிட்ட முறையும் அதே அளவு கவனத்துக்கு உரியது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வணிகர்கள் இதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகளைப் பயன்படுத்தினர். தட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. துளைகளின் எண்ணிக்கைதான் வேறு. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும். முத்துக் குவியலை முதல் தட்டில் கொட்டி அசைத்தால் மிகப் பெரியவை மேலே தங்கும். விழுந்தவை அடுத்த தட்டுக்குப் போகும். ஆயிரம் துளைத் தட்டையும் கடந்து விழுவது தூள்.

அளவு பிரித்த பிறகு வடிவமும் ஒளியும் பார்க்கப்பட்டன. குறையற்ற உருண்டையும் முழு ஒளியும் கொண்டது ஆணிமுத்து. மற்றவை அதற்குக் கீழே படிப்படியாக வரிசைப்பட்டன. எடை மஞ்சாடிக் கணக்கில். விலை எடையின் இருமடியை ஒட்டி ஏறும்: ஒரே தரத்தில் இரு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு மதிப்பு. ஆகவே தட்டில் ஒரு துளை தேய்ந்து அகன்றாலும் பெரிய முத்து கீழ்த் தரத்தில் விழுந்து விற்றவருக்கு நட்டமாகும். முத்தை அளக்கும் தட்டே முதலில் நம்பகமாக இருந்தாக வேண்டும்.

1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளில் அது முத்துத் தொழிலுக்கும் வந்தது. பெரும்பாலான சிப்பிகளில் முத்து இருப்பதில்லை. ஆனாலும் தேடுவதற்காக எல்லாச் சிப்பிகளும் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் முயற்சி இலங்கையில் நடந்தது.

1921இல் ஜப்பானிய வளர்ப்பு முத்துகள் லண்டன் சந்தைக்கு வந்ததும் வணிகர்கள் கலங்கிப் போனார்கள். வெளித்தோற்றத்தில் இயற்கை முத்துக்கும் வளர்ப்பு முத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. எந்தச் சல்லடையும் இதைப் பிரிக்காது. 1925இல் லண்டனில் முத்துகளைச் சோதிக்க ஓர் ஆய்வகம் அமைந்தது. வளர்ப்பு முத்தின் நடுவே நன்னீர்ச் சிப்பி ஓட்டில் செதுக்கிய மணி இருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் மணிக்கும் மேற்பூச்சுக்கும் இடையே உள்ள புரதப் படலம் மெல்லிய வளையமாகத் தெரியும். படத்தில் தெளிவு கிடைக்காதபோது, முத்தின் படிகங்களில் கதிர் சிதறிப் புள்ளிகளாகப் பதியும் விளிம்பு விளைவு உதவியது. இயற்கை முத்து எந்தத் திசையிலிருந்து கதிர் பட்டாலும் ஆறு புள்ளிகளைக் காட்டும். மணி வைத்த முத்து சில திசைகளில் நான்கு புள்ளிகளைக் காட்டும். இந்தத் தீர்ப்பைச் சொல்ல, பிறப்பு ஐயமின்றித் தெரிந்த முத்துகளை முதலில் படமெடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது.

தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973 ஜூலையில், அதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். முத்துக்குளித்துறையின் நீண்ட கதையில் இதைவிடப் பெருமைக்குரிய திருப்பம் குறைவு.

இன்று முத்தின் உட்புறத்தை நானோமீட்டர் அளவில் காட்டும் எக்ஸ் கதிர் நுண்ணோக்கிகள் வந்துவிட்டன. முத்தின் ஒளிக்குக் காரணம் சுமார் 500 நானோமீட்டர் தடிமனுள்ள அராகனைட் என்ற கனிமத் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதே. அவற்றைப் படமெடுக்கும் கருவியின் திறனை அளக்க, அமைப்பு முன்கூட்டியே தெரிந்த சோதனைப் பொருள்கள் வேண்டும். அவற்றில் பெயர்பெற்றது சீமென்ஸ் நட்சத்திரம். மெல்லிய சிலிக்கன் நைட்ரைடு படலத்தின் மேல் தங்கம் அல்லது டாண்டலத்தால், சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் நடுவை நோக்கிக் குறுகும் கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். கோடுகள் எங்கே ஒன்றோடொன்று கலந்து மங்குகின்றனவோ, அங்கேதான் கருவியின் எல்லை. ஒரு திசைக் கோடுகள் மட்டும் முன்னதாகவே மங்கினால், மாதிரியைத் தாங்கும் மேடை அதிர்கிறது அல்லது வில்லையில் குறை உள்ளது என்று ஐயப்படலாம்.

தட்டையான இந்த நட்சத்திரம் முப்பரிமாணப் படத்துக்குப் போதாது. அதற்கு விட்டம் தெரிந்த சிலிக்கா உருண்டைகளும் நுண்துளைக் கண்ணாடியும் பயன்படுகின்றன. மாதிரியைச் சுழற்றிப் பல நூறு படங்கள் எடுக்கையில் அது சிறிது நகர்ந்தாலும், உருண்டை நீள்வட்டமாகித் தவற்றைக் காட்டிவிடும். சோதனை வடிவத்தில் 50 நானோமீட்டர் கோடுகள் பிரிந்து தெரிந்தால், அந்தக் கருவி காட்டும் அராகனைட் தட்டுகளின் தடிமனை நம்பலாம். தட்டுகளுக்கு இடையே உள்ள புரதப் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதைவிட நுண்ணிய கோடுகளில் கருவி தேற வேண்டும்.