கீழூரில் வாக்கு, டெல்லியில் கடிதம்

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. திண்டிவனம் சாலையில் வந்தால் கோரிமேட்டில் மாநிலம் மாறும். 1954 வரை இவை இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையிலான எல்லைகள். அவை மறைந்த நாட்களில் புதுச்சேரியில் இந்தியாவின் கான்சல் ஜெனரலாக இருந்தவர் கேவல் சிங். 1939இல் ஐ.சி.எஸ். சேர்ந்தவர், பின்னாளில் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் தூதர், இடையில் வெளியுறவுச் செயலாளர். அந்த நீண்ட பணிவாழ்வில் தமிழ்க் கரையைத் தொட்ட இரண்டு காரியங்களை மட்டும் இங்கே அருகருகே வைக்கிறேன்.

1954 மார்ச்சில் கம்யூன் மேயர்கள் இந்தியாவோடு இணைப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தலைவராக இருந்த எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் மாறினார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அக்டோபர் 18 அன்று, வயல்கள் சூழ்ந்த கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றாம் நாள் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று பொறுப்பேற்ற கேவல் சிங்கே முதல் தலைமை ஆணையர். ஊர் ஊராக நேரடி வாக்கெடுப்பு நடக்கவில்லை என்ற குறை நியாயமானதுதான். ஆனாலும் வாக்கு முந்தியது, கையெழுத்து பிந்தியது. 1956 ஒப்பந்தமோ, புதுச்சேரியின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்று எழுதியே வைத்தது.

இரண்டாவது காரியம் 1976 மார்ச் 23. இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகளை வகுத்த அதே நாளில், வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்கும் இலங்கையின் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் நம் மீனவர்கள் முன்போல் போய்வரலாம் என்று விட்டு வைத்திருந்த இடத்தை இக்கடிதம் அடைத்தது.

அன்று நெருக்கடி நிலை. தமிழக அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது; புதுச்சேரியிலும் 1974 முதல் சட்டமன்றம் இல்லை. கேட்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை. அந்த எல்லை வகுப்பால் குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிக் களம் நமக்குக் கிடைத்தது பெரிய லாபம்தான். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அமைச்சரவை முடிவுக்கு அதிகாரி ஒருவரைப் பழிப்பதும் முறையல்ல. என் ஆதங்கம் நடைமுறை பற்றியது. பிரான்சிடம் பேசும்போது கடைப்பிடித்த நிதானத்தை, சொந்த மீனவர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும்போது டெல்லி கைவிட்டது. கீழூரில் வாக்களித்தவர்களில் காரைக்கால் பிரதிநிதிகளும் இருந்தார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் படகுகளில் இன்று காரைக்கால் படகுகளும் உண்டு.